உருக்கிவிடாதே, சுந்தரம்

கும்பகோணம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுந்தரம்,

ஆறு மாதமாக உனக்கு எழுதாமல் இருந்தது என் தவறுதான். இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது. உன் பாட்டி வைத்துவிட்டுப் போன வெள்ளி ரூபாய்களைப் பேத்தியின் கொலுசுக்காக உருக்கக் கொடுக்கப் போகிறாய் என்று நேற்று பாலு சொன்னான். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணக்கு வாத்தியார் எத்தனை முறை தலையில் குட்டியும் உன் அவசரம் போகவில்லையே!

சென்ற மாதம் அம்மாவின் பித்தளைத் தூக்கில் 23 ரூபாய்க் காசுகள் கிடைத்தன. கடைத்தெருவில் ஒருவரிடம் காட்டினேன். அவர் அத்தனையையும் ஒன்றாகத் தராசில் கொட்டி, பாதிதான் வெள்ளி என்று கூறி, 134 கிராமுக்கு விலை சொன்னார். மனம் ஒப்பாமல் திரும்ப எடுத்து வந்து, ஆண்டு பார்த்துப் பிரித்தேன்.

நம் பாட்டிமார் மருந்துக்கு 'ஒரு ரூபாய் எடை சுக்கு' என்பார்களே, அந்த எடைதான் 11.66 கிராம். 1939 வரை அச்சான ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது சுமார் 10.69 கிராம், வெள்ளி. போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை, காசின் எடையை மாற்றாமல், அதில் பாதி மட்டும் வெள்ளி என்று குறைத்துவிட்டார்கள். அதில் இருப்பது 5.83 கிராம்தான். 1947ஆம் ஆண்டு ரூபாய் வெறும் நிக்கல். எங்களிடம் இருந்தவை பழையது 14, போர்க்காலத்தது 8, நிக்கல் ஒன்று. கூட்டிப் பார், 196 கிராம் வருகிறது. விட்டுப்போகவிருந்த 62 கிராமில் உன் பேத்திக்கே ஒரு கொலுசு செய்துவிடலாம்.

இதுவும் உலோகத்தின் விலை மட்டுமே. 1911ஆம் ஆண்டு ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கியில் உள்ள யானை பன்றியைப் போலத் தெரிந்ததால் எதிர்ப்புக் கிளம்பி, 1912இல் அந்த உருவத்தைத் திருத்தினார்கள். அதனால் 1911க்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உண்டு. எங்கள் காசுகளில் ஒன்று அந்த ஆண்டுதான்! பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், யானை இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் லட்சுமி பூஜைக்கு முன்னால் அம்மா விபூதி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதை அழித்திருக்கிறாள். அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே நீ எதையும் புளி போட்டுக்கூடத் துலக்காதே. 1939 என்று ஒன்று கிடைத்தால் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். அரியது என்பதாலேயே அதில் போலிகள் மிகுதி. வெள்ளியைச் சோதிக்க, நுண்தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, தராசு காட்டும் அளவைப் பூஜ்யமாக்கிவிட்டு, காசை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடு. தேயாத பழைய ரூபாயானால் ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும்; பாதி வெள்ளியானால் 1.22. சுண்டி ஓசை கேட்பதைவிட இது நம்பகமானது.

மாலையில் கோப்பதற்காகக் காது பற்றவைத்தவையும் முகம் தேய்ந்தவையும் இருந்தால் அவற்றைக் கொலுசுக்குக் கொடுத்துவிடு. மற்றவற்றை ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, பாலுவையும் அழைத்துக்கொண்டு வா. அதுவரை ஆசாரி வீட்டுப் பக்கம் போகாதே.

அன்புடன்,
ராமு