சூடுபட்ட ஸ்டியரிங் ஆர்மைத் திரும்ப மாட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘கட்டுப்பாட்டை இழந்த லாரி’ என்று பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. வாசிக்கும்போதெல்லாம், கட்டுப்பாட்டை இழந்தது டிரைவரா, ஸ்டியரிங்கா என்று எனக்கு ஒரு கேள்வி வரும். தூத்துக்குடியில் 31 வருஷமாக லாரிப் பட்டறை வைத்திருப்பவனுக்கு வேறு என்ன தோன்றும்? போன மாதம் வந்த ஒரு வண்டியைப் பார்த்த பிறகு எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என்னிடம் வருவதில் முக்கால்வாசி உப்பு ஏற்றும் வண்டிகள். அளத்தில் அள்ளுகிற உப்பு முழுசாகக் காய்ந்திருக்காது. பலகை இடுக்கு வழியாகச் சொட்டிச் சொட்டி சேஸிஸைத் தின்னும். முன் அச்சுக்கு அந்தச் சொட்டு வராது, ஆனால் அளத்துச் சேறு டயரில் ஒட்டி வந்து அங்கே அப்பிக்கொள்ளும். இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி டை ராட், அதன் முனையில் இருக்கிற மூட்டு டை ராட் எண்ட். அந்த மூட்டின் ரப்பர் உறை ஒரு இடத்தில் கிழிந்தால் போதும், கிரீஸ் வெளியே போய் உப்புத்தண்ணீர் உள்ளே போய்விடும். அப்புறம் அதைக் கழற்றுவது பெரும்பாடு.

கழற்றும் விஷயத்தில்தான் தப்பு நடக்கிறது. டை ராட் எண்டின் தண்டு நேர் உருளை இல்லை. நுனி வரச் சிறுத்து வரும், டேப்பர் என்போம். அது மாட்டுகிற ஆர்மில், அதாவது சக்கரத்தைத் திருப்பிவிடும் இரும்புக் கையில், இருக்கிற ஓட்டையும் அதே சாய்வில் கடைந்திருக்கும். சீசாவில் தக்கை இறுகுவது மாதிரி ஒன்றுக்குள் ஒன்று இறுகித்தான் அது நிற்கிறது. நட்டின் வேலை அதை இழுத்து உட்கார வைப்பது. அதனால் துரு இல்லாத புது வண்டியில்கூட நட்டைக் கழற்றியதும் அது கீழே விழாது. இது தெரியாத பையன்கள் ‘பிடித்துக்கொண்டது’ என்று உடனே ஆர்மைச் சூடாக்கக் கேஸ் கட்டரைப் பற்ற வைத்துவிடுகிறார்கள்.

என் வழி ரொம்பப் பழசு. நட்டு கழலாமல் தடுக்கிற ஸ்பிளிட் பின்னை எடுத்துவிட்டு, முந்தின நாள் சாயங்காலமே டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறப் போட்டுவிடுவேன். காலையில் நட்டைத் தளர்த்துவேன், முழுக்க எடுக்க மாட்டேன். தண்டின் நுனிக்குச் சமமாக நிற்கும்படி விட்டால் மரையும் சேதமாகாது, விடுபடும்போது ராடு காலிலும் விழாது. பிறகு தண்டை ஓட்டையிலிருந்து தள்ளிவிடுகிற புல்லர் போட்டு இறுக்கி வைத்துவிட்டு, ஆர்மின் கண்ணுக்கு, அதாவது ஓட்டை இருக்கிற இடத்துக்கு, ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஒரு போடு. தண்டின் தலையில் அடிக்கக் கூடாது, ஆர்மின் கன்னத்தில்தான் அடிக்க வேண்டும். ஓட்டை ஒரு கணம் நெளிந்து கொடுக்கும், ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். பட்டறையில் எனக்கு அதைவிடப் பிடித்த சத்தம் கிடையாது. சில நேரம் நாலாவது அடியில் வரும், சில நேரம் மத்தியானம் ஆகும்.

ராடிலிருந்து எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, சாக்பீஸில் தரையில் எழுதி வைப்போம். புதுசை அதே சுற்றுக்கு ஏற்றினால் சக்கரம் ஏறக்குறைய பழைய நிலையில் நிற்கும், அலைன்மென்ட் பார்க்கப் போகும் வரை வண்டி இழுக்காது. ஒரு முனையில் மரை இடம்புரியாக இருக்கும். என்னிடம் வேலை பழக வந்த ஒருத்தன் முதல் நாள் அரை மணி நேரம் உயிரைக் கொடுத்து அதை இறுக்கிக்கொண்டிருந்தான். இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான், நல்ல வேலைக்காரன்.

சரி, அந்த வண்டிக்கு வருகிறேன். ஸ்டியரிங் ஆட்டம் கொடுக்கிறது என்று வந்தது. அடியில் படுத்துப் பார்த்தால் எல்லாம் சேறு, ஒரு ஆர்ம் மட்டும் பளபளவென்று கறுப்பு பெயின்ட். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கண்ணைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் செதில், அதற்கு அடுத்து மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டை. இரும்பு நன்றாகச் சூடுபட்டதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். கழற்றி, மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசினேன். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், வெள்ளைத் தூளில் தலைமுடி மாதிரி ஒரு ஈரக் கோடு. உள்ளே வெடிப்பு.

ஆர்ம் அடித்துச் செய்த எஃகு. கம்பெனியில் அளவாகக் காய்ச்சி, அளவாக ஆறவிட்டுப் பதம் கொடுத்திருப்பார்கள். சிவக்கச் சிவக்கச் சூடாக்கினால் அந்தப் பதம் போய்விடும். அவசரத்தில் ஈரச் சாக்கைப் போட்டு ஆற்றினால் இன்னும் மோசம், மொறுமொறுவென்று ஆகிவிடும். அதைப் பிடித்துத்தான் 20 டன் வண்டியை டிரைவர் திருப்புகிறார்.

ஓனரிடம் காட்டினேன். “அண்ணாச்சி, நாளைக்கு எஃப்.சி. இப்போதைக்கு மாட்டிக் கொடுத்துருங்க, வந்து மாத்திக்கலாம்” என்றார். காசுக்குக் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை அவர், நேரம்தான் இல்லை. எஃப்.சி. என்றால் வண்டி ஓடத் தகுதியானதா என்று பார்த்துச் சான்று கொடுக்கிற சோதனை. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு அது வருஷா வருஷம் உண்டு, தேதியும் முன்பே தெரியும். ஆனாலும் முந்தின நாள்தான் பட்டறைக்கு வருவார்கள். நான் மாட்டவில்லை. கோபித்துக்கொண்டு போய் மறுநாள் புது ஆர்மோடு வந்தார்.

லாரி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டியரிங் வேலைக்கு விடும்போது இரண்டு நாள் கொடுங்கள். எந்தப் பட்டறையிலாவது ஆர்மையோ முன் சக்கரம் மாட்டுகிற ஸ்டப் ஆக்ஸிலையோ சூடு காட்டித்தான் எடுத்தோம் என்றால், அந்தச் சாமானைத் திரும்ப மாட்ட விடாதீர்கள். எஃப்.சி. பார்க்கிற அதிகாரிகளும் பெயின்ட் புதுசாக இருக்கிற இடத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாம்.

புல்லர் இல்லாத பட்டறைக்காரர்கள் என்னிடம் வாங்கிக்கொண்டு போகலாம், இரண்டு இருக்கிறது. சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், மூன்றாவது ஒன்று அப்படித்தான் போனது.

இப்படிக்கு,
ஒரு லாரி மெக்கானிக்,
தூத்துக்குடி.