ஆட்டோ அனுப்புவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் வாக்குகள் தேர்தல் முடிவை எப்படி மாற்றுகின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதியோர் உதவித்தொகையை எந்தக் கட்சி எவ்வளவு உயர்த்தும் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. தொகை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வயதானவர்களின் வாக்கு எங்கே போகும் என்பது பல வீடுகளில் வாக்குப்பதிவு நாள் காலையில், வாசலில் வந்து நிற்கும் ஆட்டோவைப் பொறுத்திருக்கிறது. ஆசிரியர் வேலையில் இருந்த காலத்தில் பல தேர்தல்களில் பூத்துக்குள் உட்கார்ந்து இதைப் பார்த்தவன் நான்.

காலை பத்து மணிக்கு மேல் ஆட்டோக்கள் வரத் தொடங்கும். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பாட்டிகள், சில சமயம் வேட்டி நழுவாமல் பிடித்துக்கொண்டு ஒரு தாத்தா. இறங்கக் கைகொடுப்பவர் உள்ளூர்க் கட்சிக்காரர். 100 மீட்டர் எல்லைக்குள் அவர் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பதால் கோட்டருகிலேயே குனிந்து, "ஆயா, சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்பார். ஆயா தலையாட்டுவார். வேட்பாளர் தரப்பு வண்டி அமர்த்தி வாக்காளர்களை இலவசமாக ஏற்றி வருவது, 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(5) பிரிவின்படி முறைகேடு. இது அதிகாரிகளுக்கும் தெரியும், கட்சிகளுக்கும் தெரியும். ஆனால் ஆட்டோவைத் திருப்பி அனுப்பினால் ஆயாவின் ஓட்டும் அதோடு போய்விடும். அதனால் யாரும் வாய் திறப்பதில்லை.

கட்சிக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். உதவித்தொகைக்கு மனு எழுதித் தருபவர், ரேஷன் கடையில் கைரேகை பதியாவிட்டால் கூட வந்து பேசுபவர், ராத்திரி மூச்சுத் திணறினால் வண்டி பிடித்துத் தருபவர் எல்லாம் இந்த மனிதர்தான். அவருக்கு முதியவர்கள் காட்டும் நன்றி உண்மையானது. அந்த நன்றி கேட்கிற இடத்தில் ஓட்டாக மாறுகிறது என்பதுதான் என் கவலை.

சாவடிக்குள் இன்னொரு சிக்கல். பார்வை இல்லாதவர், உடல் தளர்ந்து சின்னம் தெரியாதவர் அல்லது பட்டனை அழுத்த முடியாதவர் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். ஒருவர் அன்றைக்கு ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணை நிற்கலாம், ரகசியம் காப்பதாக உறுதிமொழியும் தர வேண்டும். நல்ல விதிதான். நடப்பது என்ன? கண் நன்றாகத் தெரியும் பாட்டியோடும் பேரன் உள்ளே போகப் பார்க்கிறான். "அதுக்கு ஒண்ணும் தெரியாது சார், நான் அமுக்கிடுறேன்" என்று பெற்ற மகனே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து ஒரு தேர்தல் விடாமல் வாக்களித்து வரும் பெண்மணிக்கு ஒன்றும் தெரியாதாம்!

இது ஏதோ ஒரு சிலரின் பிரச்சினை இல்லை. மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பின்படி, 2021-இல் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். 2031-இல் இது 18.2 சதவீதமாகும். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஓட்டுரிமை இல்லாத பிள்ளைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 2031-இல் இது வாக்காளர்களில் நாலில் ஒருவரை நெருங்கும். ஜப்பானில் 2021 பொதுத் தேர்தலில் அறுபதுகளில் இருப்பவர்களில் 71 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், இருபதுகளில் இருப்பவர்கள் 36.5 சதவீதம்தான். அங்கே கட்சிகள் யார் பக்கம் திரும்பும் என்று சொல்லவே வேண்டாம். நம்மூரில் முதியவரின் ஆசையும் பேரனின் வேலையும் பெரும்பாலும் ஒரே வீட்டுக் கதை என்பதால் இங்கேயும் அப்படியே ஆகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இத்தனை பெரிய கூட்டத்தின் வாக்கு இரவல் வண்டியில் வந்து இரவல் விரலால் பதிவாகக் கூடாது.

வீட்டிலிருந்தே வாக்களிக்கும் ஏற்பாடு இதற்கு நல்ல பதிலாக இருந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயதைத் தாண்டியவர்கள் 12டி படிவம் கொடுத்தால், அலுவலர்கள் போலீஸ் பாதுகாப்போடும் வீடியோ எடுப்பவரோடும் வீட்டுக்கே வந்து தபால் வாக்கு வாங்கிப் போனார்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன்பு அந்த வயதை 85 ஆக்கிவிட்டார்கள். 82 வயதில் முட்டி தேய்ந்து, ஏப்ரல் 19 வெயிலில் வரிசையில் நிற்க முடியாதவர் என்ன செய்வார்? மாற்றுத்திறனாளி என்று காட்டி வீட்டு வாக்குக் கேட்கலாம் என்றால் 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்காக மருத்துவமனைக்கு அலைய முடிந்தவர் பூத்துக்கே வந்துவிடுவாரே. மறுபடி ஆட்டோதான்.

தேர்தல் ஆணையத்துக்கு என் கோரிக்கை இதுதான். வீட்டு வாக்குக்கான வயதை மறுபடி 80 ஆக்குங்கள். 70 தாண்டி நடக்க முடியாதவர்களுக்கு, அந்தப் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து நேரில் பார்த்துச் சொன்னாலே போதும் என்று வையுங்கள். மற்ற முதியவர்களுக்கு வாக்குப்பதிவு நாளில் ஊராட்சி, நகராட்சி செலவில் வண்டி விடுங்கள், எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதை பூத் சிலிப்பிலேயே அச்சிடுங்கள். துணையாள் விதியைப் பற்றி பூத் அலுவலர்களுக்குப் பயிற்சி வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். அந்த அம்மாவிடமே நேராக, "நீங்களே அமுக்குறீங்களாம்மா?" என்று ஒரு முறை கேட்டால் போதும், பலர் தாங்களே அமுக்குவார்கள்.

கட்சிகளுக்கும் ஒரு வார்த்தை. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கான உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு பல வருடங்களாக 200 ரூபாயிலேயே நிற்கிறது. மாநில அரசு 2023-இல் மொத்தத் தொகையை 1,000-லிருந்து 1,200 ஆக்கியது. அந்த 200 ஏன் உயரவில்லை என்று தமிழ்நாட்டிலிருந்து போகும் 39 மக்களவை எம்.பி.க்களும் நாடாளுமன்றத்தில் ஒரே குரலில் கேட்க வேண்டும். அடுத்த முறை கைகொடுத்து இறக்கிவிட வரும் உள்ளூர்க்காரரிடம் எங்கள் ஊர் ஆயாக்களும் இதைக் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கும்பகோணம்.