தோட்டத்திலும் துப்பறியலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து மக்களின் மலையக இலக்கியம் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் மர்மக் கதை, பேய்க் கதை எழுதுகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் கேட்கிறேன்.

பகலில் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கதை. என்னை இதில் இழுத்துவிட்டவர் துப்பறியும் கதை எழுத்தாளர் தமிழ்வாணன். அவருடைய சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே துப்பறிவார். அந்தக் கொழுந்தைப் பறித்தவர் யார் என்று மட்டும், நான் படித்தவரையில், அவர் விசாரித்ததில்லை. சரி, அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் எங்கள் அப்பாயி. தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் தெய்வமான ரோதைமுனி, இரவு வேலையில் தூங்குகிறவனை என்ன செய்யும் என்று அவர் சொன்னதை வைத்தே ஒரு தொடர்கதை எழுதிவிட்டேன். கொழுந்து வாட்டும் மாடியில் நள்ளிரவில் நின்று பாருங்கள்: பச்சை வாசனை, காற்றாடியின் இரைச்சல், பக்கத்தில் ஆள் வந்து நின்றாலும் தெரியாது. கொலைக்கு இதைவிட வசதியான இடம் கொழும்பில் கிடைக்குமா?

ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன். "தோட்டம் என்றால் சம்பளப் பிரச்சினையை எழுதுங்கள்" என்று பதில் வந்தது. சம்பளப் பிரச்சினையும் கதையில் இருக்கிறது ஐயா, கொலைக்குக் காரணமே அதுதான்!

மாதம் ஒரு பக்கமாவது இத்தகைய கதைகளுக்கு ஒதுக்குங்கள். முதல் கதையை நானே அனுப்புகிறேன்.

மர்மக் கதைக்காரன் ஒருவன்,
கொட்டகலை.