சால்டேர் நடை: ஜார்ஜ் ஸ்ட்ரீட்டில் கவனிக்க

நண்பர்களே, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகர் அருகே கம்பளி ஆலை அதிபர் டைட்டஸ் சால்ட் கட்டிய ஆலைக் குடியிருப்பு சால்டேர். ஆலை 1853இல் திறந்தது. தெருவில் முதலில் கூரையைப் பாருங்கள்: வரிசையின் முனையில் உயர்ந்து நிற்பவை மேற்பார்வையாளர் வீடுகள், இடையில் தாழ்ந்தவை தொழிலாளர் வீடுகள். பதவி கூரையிலேயே தெரியும்!

அடுத்து, சுவரில் கற்களுக்கு இடையே உள்ள இணைப்புகள். சிமெண்ட் பூசிய இடங்களில் மணற்கல் பொரிந்து உதிரும். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. கல்லுக்குள் தங்கிய நீர் குளிரில் உறைந்து மேற்பரப்பைப் பிளக்கும். சரியானது சுண்ணாம்புச் சாந்துதான்: சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. பழைய பூச்சை, இணைப்பின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழத்துக்குக் கையுளியால் சுரண்டி, நனைத்து, பிறகே நிரப்புவார்கள். கிரைண்டர் போட்டால் கல்லின் விளிம்பு போய்விடும். 5 டிகிரிக்குக் கீழே இந்த வேலை கூடாது.

வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலுக்குள் படம் எடுக்க வேண்டாம்.