பி2 என்பது வைட்டமின் அல்ல

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நம்பவில்லை, ஆனாலும் சந்தோஷம். இங்கே கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. தென்னைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பாய்ச்சுகிறேன்.

பேத்தி பி2 எழுதப் போகிறாள் என்று நான் எழுதியதற்கு, "அது என்ன, வைட்டமின் மாத்திரையா?" என்று கேட்டிருக்கிறாய். நானும் அவளிடம் அதையேதான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். நர்ஸிங் முடித்தவர்கள் ஜெர்மனியில் வேலைக்குச் சேர வேண்டுமானால் பொதுவாக பி2 அளவுக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டுமாம். ஒரு வருடமாக தினமும் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறிப் போய்ப் படிக்கிறாள்.

இந்த பி2 எங்கிருந்து வந்தது என்று கேள். பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஐரோப்பிய கவுன்சில் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. (ஐரோப்பிய ஒன்றியம் வேறு, இது வேறு. நான் இரண்டு நாள் குழம்பினேன்.) அவர்கள் 2001-இல் மொழி கற்பவர்களுக்கென்று ஒரு பொது அளவுகோலை வெளியிட்டார்கள். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். ஜெர்மனுக்கும் அதே படிதான், பிரெஞ்சுக்கும் அதே படிதான். அந்த மொழியை வைத்துக்கொண்டு உன்னால் என்ன காரியம் நடத்த முடியும் என்பதுதான் அதில் முதல் கேள்வி. ஏ2 என்றால் கடையில் சாமான் வாங்கலாம், குடும்பம், வேலை பற்றி நாலு வார்த்தை சொல்லலாம். பி1 வந்தவர் பயணத்தில் வரும் பெரும்பாலான சிக்கல்களைச் சமாளித்துவிடுவார். பி2-வில் நமக்கும் மூச்சு வாங்காமல், எதிரில் இருப்பவருக்கும் பொறுமை போகாமல் பேச்சு ஓட வேண்டும். மேலே போகப் போக ஒவ்வொரு படிக்கும் அதிகக் காலம் பிடிக்கும்.

எனக்குப் பிடித்தது அடிப்படிதான். ஏ1 காரரால் எளிமையாக உரையாட முடியும் என்று சொல்லிவிட்டு, எதிரே இருப்பவர் நிதானமாகவும் தெளிவாகவும் பேசி, உதவவும் தயாராக இருந்தால் என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். பாதிப் பாரம் அடுத்தவர் தலையில்! நாம் முதன்முதலில் சித்தூருக்குப் பஸ்ஸில் போன நாள் நினைவிருக்கிறதா? கண்டக்டர் மலையாளத்தில் படபடவென்று எதையோ கேட்க, இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தோம். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா அதையே ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார், புரிந்துவிட்டது. அந்த அம்மா இல்லாத நாட்களில் நமக்கு மலையாளமே தெரியாது.

வேலைக்கு மனுப் போட்ட காலத்தில் படிவத்தில் மூன்று கட்டம் இருக்கும்: பேச, படிக்க, எழுத. மலையாளத்துக்கு நான் முதல் கட்டத்தில் மட்டும் டிக் போட்டேன். நீ மூன்றிலும் போட்டாய், புளுகா. எவ்வளவு பேச வரும் என்று எவனும் கேட்கவில்லை. 'கேட்க' என்று ஒரு கட்டமும் கிடையாது. பேத்தி கோட்டை விட்டது அதில்தான். பரீட்சையில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வாங்க வேண்டும். மூன்றில் தேறிவிட்டாள். கேட்டலை மட்டும் மறுபடி எழுத வேண்டும்.

"நான் பி2 இல்லை தாத்தா" என்று அழுதாள். படித்தலில் ஒரு படி, கேட்டலில் ஒரு படி என்று ஒரே ஆள் இருக்கலாம் என்று அந்த அளவுகோலே ஒப்புக்கொள்கிறது என்றேன். என்னையே பார். மலையாளத்தில் தேங்காய் வியாபாரியோடு சண்டை போட்டு ஜெயிப்பேன். கிராம அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தால் பக்கத்து வீட்டுப் பையனைத் தேடுவேன். இந்த எல்லைப் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான். விசா கொடுப்பவருக்கு இந்தச் சமாதானம் செல்லாது, அது வேறு கதை.

2020-இல் அந்த அளவுகோலுக்கு ஒரு துணைத் தொகுதி வந்திருக்கிறது. ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் போய்ச் சேர நடுவில் நின்று உதவுவதையும் அதில் படிப்படியாக விவரித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் என் அத்தைக்கும் நடுவில் நின்று நான் பத்து வருடம் செய்த வேலை அது. அதற்கும் ஒரு படி உண்டு என்று இந்த வயதில் தெரிகிறது! 'தாய்மொழிக்காரரைப் போல' என்ற ஒப்பீட்டையும் அதில் எடுத்துவிட்டார்கள். நல்ல வேலை. நம் தமிழைக் கேட்டுவிட்டு, உங்கள் தாய்மொழி மலையாளமா என்று கோயம்புத்தூரில் கேட்டவர்களை நீயும் நானும் பார்த்திருக்கிறோம்.

அடுத்த மாதம் மறுதேர்வு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஜெர்மன் செய்தி போட்டுவிட்டு, புரிந்ததை எனக்குத் தமிழில் சொல்கிறாள். நானும் இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டேன்: 'லாங்ஸாம் பிட்டே'. தயவுசெய்து மெதுவாக என்று அர்த்தம். செய்தி வாசிக்கும் பெண்ணிடம் தினமும் சொல்கிறேன், அவள்தான் கேட்பதாக இல்லை.

முதலமடை மாம்பழம் வரத் தொடங்கிவிட்டது. சித்திரைக்குள் வந்துவிடு.

உன் மச்சான்.