அறைக்குள் ஷாட்கன் மைக் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறும்படம் எடுப்பவர்களுக்கான கருவிகள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேமரா, லென்ஸ், விளக்கு பற்றியெல்லாம் எழுதியதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில், எதிரொலிக்கும் அறையில் வசனம் பதிவு செய்ய வேண்டுமா, ஷாட்கன் மைக் வாங்குங்கள், பேசுபவரின் குரலை மட்டும் அது எடுத்துவிடும் என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருக்கிறது பாருங்கள், அதை நம்பித்தான் பலரும் காசைக் கொட்டிவிட்டு அப்புறம் எடிட்டிங்கில் தலையில் கை வைத்து உட்காருகிறார்கள்.

ஷாட்கன் மோசமான மைக் இல்லை. வெட்டவெளியில் அதுதான் ராஜா. முன்னால் நீண்டிருக்கும் அதன் குழாயில் பக்கவாட்டில் கீற்றுக் கீற்றாகத் திறப்புகள் இருக்கும். நேர் எதிரிலிருந்து வரும் ஒலி குழாய் வழியே ஒழுங்காக உள்ளே போய்விடும். பக்கத்திலிருந்து வரும் ஒலி ஒவ்வொரு திறப்பிலும் கொஞ்சம் முன்பின்னாக நுழைவதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிப்போகும். வித்தை நல்ல வித்தைதான், ஆனால் உயர்ந்த அதிர்வெண்களில் மட்டுமே பலிக்கும். துறையில் எல்லோருக்கும் தெரிந்த சென்ஹைசர் எம்கேஹெச் 416-ன் நீளம் 25 சென்டிமீட்டர். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 34 சென்டிமீட்டர், குரலின் கனம் இருக்கும் 200, 300 ஹெர்ட்ஸில் அது ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். அவ்வளவு நீள அலையை இந்தக் குட்டிக் குழாயால் ஒன்றும் செய்ய முடியாது.

வெளியே பக்கவாட்டில் வருவது வண்டிச் சத்தம், கூட்டத்தின் இரைச்சல். அறைக்குள் பக்கவாட்டில் வருவது யார் குரல்? நடிகரின் அதே குரல்தான், சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பி வருகிறது. அதன் கீழ்ப்பகுதியை ஷாட்கனின் குழாய் கிட்டத்தட்ட அப்படியே உள்ளே விட்டுவிடும், மேல்பகுதியைக் கோணத்துக்குக் கோணம் வேறுவேறு மாதிரி வெட்டும். இந்த மிச்சம் நேர்க்குரலோடு கலக்கும்போது தகர டப்பாவுக்குள் பேசுவது போல இருக்கும். நடிகர் வசனத்தின் நடுவில் ஜன்னல் பக்கம் திரும்பினால், அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே குரலின் தன்மை மாறிவிடும். ஹெட்போனைப் போட்டு ஒருமுறை கேட்டால் யாருக்கும் புரியும்.

அப்படியானால் எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன்னால் தூரத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். நடுத்தர அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், வெறும் சுவர், ஒலி 60 டெசிபல், அதாவது காதுக்குக் கிட்டத்தட்ட மறைந்துபோகும் அளவுக்கு, அடங்க 0.8 நொடி ஆகிறது. கணக்குப் போட்டால், எல்லாத் திசையிலும் கேட்கும் மைக்குக்கு வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்திலேயே நேர்க்குரலும் அறையின் ஒலியும் சமமாகிவிடும். அதற்கு அப்பால் போனால் அறைதான் பேசும். முன்பக்கம் அதிகமாகவும் பக்கவாட்டில் குறைவாகவும் கேட்கும் ஹைப்பர்கார்டியாய்டு மைக் வைத்தால் அந்தத் தூரம் இரண்டு மடங்கு, அதாவது ஒரு மீட்டர் ஆகும். திசை மைக் தரும் லாபம் மொத்தமே அவ்வளவுதான், 6 டெசிபல். பாதித் தூரம் கிட்டே போனாலும் அதே 6 டெசிபல் கிடைக்கிறது, செலவே இல்லாமல். கேமராவின் தலையில் மைக்கை மாட்டி இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவர் எந்த மைக்கை வாங்கினாலும் தப்பிக்க வழியில்லை. மைக்கை நடிகரின் தலைக்கு மேல் நீட்டிப் பிடிக்கும் கம்பியான பூம் ராடும் அதைப் பிடிக்க ஓர் ஆளும்தான் முதல் செலவு.

அப்புறம் மைக். குழாய் இல்லாத, குட்டையான ஹைப்பர்கார்டியாய்டு அல்லது அதன் நெருங்கிய உறவான சூப்பர்கார்டியாய்டு, கண்டென்சர் (மின்சாரம் ஊட்டி இயங்கும்) வகை மைக். ஷோப்ஸ் எம்கே 41, சென்ஹைசர் எம்கேஹெச் 50 இரண்டும் உள்ளரங்கக் காட்சிகளில் நெடுங்காலமாகப் புழங்குபவை, விலையும் அதற்கேற்றபடி. அவ்வளவு முடியாதவர்களுக்கு ஆடியோ டெக்னிகா ஏடி4053பி இருக்கிறது, ஒக்டாவா எம்கே 012-ல் ஹைப்பர்கார்டியாய்டு கேப்ஸ்யூலை (ஒலியை வாங்கும் தலைப்பகுதியை) பொருத்தியும் வேலை பார்க்கலாம். இவற்றில் பக்கத்திலிருந்து வருவதும் பெருமளவு ஒரே தன்மையில்தான் உள்ளே வரும். எதிரொலி இருக்கும், ஆனால் அறையின் எதிரொலியாகவே இருக்கும், காது அதை மன்னித்துவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹைப்பர்கார்டியாய்டுக்கு முதுகுப் பக்கமும் காது கேட்கும், முன்பக்கத்தைவிட 6 டெசிபல்தான் குறைவு. பூமை மேலிருந்து கீழ்நோக்கிப் பிடித்தால் அந்த முதுகு பார்ப்பது கூரையை. தாழ்ந்த கான்கிரீட் கூரை என்றால் சூப்பர்கார்டியாய்டே மேல், அதில் முதுகுப் பக்கம் 11 டெசிபலுக்கு மேல் அடங்கியிருக்கும். முதுகுப் பக்கம் கிட்டத்தட்ட கேட்காத கார்டியாய்டு கூடப் பரவாயில்லை. முன்பக்கம் தரையைப் பார்ப்பதால் ஃபிரேமுக்கு வெளியே ஒரு கனத்த கம்பளத்தை விரித்துவிடுங்கள்.

காலர் மைக் பெரும்பாலும் எல்லாத் திசையிலும் கேட்பதுதான், ஆனாலும் வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் உட்கார்ந்திருப்பதால் எதிரொலியில் பல நேரம் அதுவே ஜெயிக்கும். சட்டை உரசுவதும் குரல் மந்தமாவதும் தனித் தலைவலி.

கண்டென்சர் எக்கோவை இழுக்கும், மேடையில் கையில் பிடித்துப் பேசும் டைனமிக் மைக் இழுக்காது என்று இன்னொரு பேச்சு எப்போதும் ஓடுகிறது. டைனமிக்கை உதட்டோடு ஒட்டி வைத்துப் பேசுகிறோம், அதனால் எக்கோ குறைகிறது. ஒரே திசைத்தன்மையுள்ள இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்து, அளவைச் சமமாக்கிக் கேட்டால் இந்தப் பேச்சு நிற்காது. கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்தால் எக்கோ போகும் என்பதும் இதே ரகம், குரலும் சேர்ந்துதான் குறையும்.

எக்கோவை அடக்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் விரிவுரை அரங்கில் பேச்சு எதுவும் புரியவில்லை, ஒலி அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆனது. வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வரச் செய்து, ஆர்கன் குழாயை ஊதி, மெத்தை கூடக்கூட ஒலி எத்தனை சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். தடிமனான, துணியும் பஞ்சுமான பொருள்தான் வேலை செய்யும். இரண்டு கனத்த போர்வைகளைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, நடிகரின் முதுகுக்குப் பின்னாலோ மைக்குக்குப் பின்னாலோ தொங்கவிட்டால் அந்த அட்டைகளைவிட எவ்வளவோ மேல்.

அடுத்த வாரம் அந்த ஒரு வரிக்கு மட்டும் திருத்தம் போட்டால் நல்லது. இடம் குறைவு என்றால் 'மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோங்கள்' என்ற நான்கு சொல் போதும்.

இப்படிக்கு,
குறும்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்யும் ஒரு வாசகர்