பருவ முடிவுக் கடிதம்: வியாழக்கிழமை மட்டும் வரும் கால் வலி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. ஓவியப் போட்டியிலும் கட்டுரைப் போட்டியிலும் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். நூலகத்துக்குப் புது அலமாரி வந்துவிட்டது. உழைத்த எல்லோருக்கும் பாராட்டு.

அப்புறம், இன்னொரு விஷயம்.

என் மேசை இழுப்பறையில் ஒரு கட்டுக் கடிதம் சேர்ந்திருக்கிறது. எல்லாம் நீங்கள் அனுப்பியவைதான். "கால் வலி, விளையாட்டுப் பீரியடில் வகுப்பிலேயே இருக்கட்டும்" என்பதுதான் பெரும்பாலும் செய்தி. வலி வியாழக்கிழமை மட்டும் வருகிறது. விளையாட்டுப் பீரியடும் அன்றைக்குத்தான். சிலர் சுற்றி வளைக்காமல், "அந்த நேரத்தில் கணக்குப் போடட்டும்" என்றே எழுதியிருக்கிறீர்கள். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி.

போன வாரம் மைதானப் படிக்கட்டில் ஐந்து பேர் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பந்து உருண்டு வந்தது. ஒரு பையன் நோட்டைக் கவிழ்த்து வைத்தான், எழுந்தான், ஓங்கி ஒரு உதை விட்டான். என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் உட்கார்ந்து நோட்டைப் பிரித்துக்கொண்டான், அதுவும் தலைகீழாக. கால் வலிக்காரன் அவன்.

குற்றம் உங்கள்மேல் மட்டும் இல்லை. நானும் கணக்கு ஆசிரியராக இருந்தவன். விளையாட்டுப் பீரியடைக் 'கடன்' வாங்கியிருக்கிறேன். ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016 கணக்குப்படி, பள்ளிக்குப் போகும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் உலக அளவில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண்பிள்ளைகளில் 85 சதவீதம். இழுப்பறைக் கடிதங்களிலும் பெண்பிள்ளைகளுக்கானவைதான் அதிகம்.

இதைச் சரிசெய்ய அரசுகள் எதை எதையோ செய்து பார்த்திருக்கின்றன. கனடா 1970களிலேயே விளம்பரத்தில் இறங்கியது. முப்பது வயதுக் கனடாக்காரரும் அறுபது வயது சுவீடன்காரரும் உடல்தகுதியில் ஒன்றுதான் என்று 1973ல் தொலைக்காட்சியில் குத்திக் காட்டினார்கள். ஜனங்களுக்கு ரோஷம் வந்தது. ஆனால் ரோஷம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? சிங்கப்பூர் 1992ல் கண்டிப்பைக் கையில் எடுத்தது. எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். பிள்ளைகள் கேலிக்கு ஆளாகிறார்கள் என்று விமர்சனம் எழுந்தது. 2007ல் அந்தத் திட்டம் போய் வேறு திட்டம் வந்தது. இந்தியா 2019ல் ஃபிட் இந்தியா இயக்கத்தைத் தொடங்கி, விளையாட்டுக்கு இடம் கொடுக்கும் பள்ளிகளுக்குக் கொடியும் நட்சத்திரத் தகுதியும் தருகிறது. பின்லாந்தில் 2010ல் முன்னோட்டமாகத் தொடங்கியது வேறு மாதிரி: இடைவேளையை எப்படி நீட்டலாம், பாடத்துக்கு நடுவே பிள்ளைகளை எப்படி எழுந்து நடமாட வைக்கலாம் என்பதை அந்தந்தப் பள்ளியே முடிவு செய்யும். என் ஓட்டு பின்லாந்துக்குத்தான். அங்கே ஆளை விட்டுவிட்டு நேரத்தைத் திருத்தினார்கள்.

இங்கிலாந்து 2016ல் சொன்ன கணக்கு உங்களுக்கும் எனக்கும் பொருந்தும். அறுபதில் 30 நிமிடம் பள்ளியின் பொறுப்பு, மீதி 30 வீட்டின் பொறுப்பு. எங்கள் பங்கையே நீங்கள் கடிதம் போட்டு எடுத்துக்கொண்டால் உங்கள் பங்கு எங்கே போய் நிற்கும்?

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பருவத்திலிருந்து, மருத்துவர் சான்று இல்லாமல் விளையாட்டுப் பீரியடிலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது. தேர்வு நெருங்கினாலும் அந்தப் பீரியட் வேறு பாடத்துக்குப் போகாது. ஆசிரியர்களுக்கும் இதையே எழுத்தில் கொடுத்துவிட்டேன். இதில் பேரம் வேண்டாம்.

உண்மையிலேயே முடியாத பிள்ளைகளை யாரும் ஓடச் சொல்லப்போவதில்லை. ஆஸ்துமாவோ அடிபட்ட காலோ எதுவானாலும் உடற்கல்வி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுப்பார். ஓட்டத்தில் கடைசியாக வருவோமே என்று கூச்சப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதையும் சொல்லுங்கள், வகுப்பு முன்னால் யாரையும் நிறுத்தி வைக்க மாட்டோம்.

மதிப்பெண் கவலையில்தான் எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வேலைக்கு நடுவிலும் உட்கார்ந்து கைப்பட எழுதி அனுப்பும் பெற்றோர் கிடைத்ததற்கு இந்தப் பள்ளி கொடுத்துவைத்திருக்க வேண்டும். உங்கள் ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி. விடுமுறை நல்லபடியாகக் கழியட்டும். பள்ளி திறக்கும் நாளில், கால் அளவுக்குச் சரியான ஷூவோடு பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்